மாலை போட்ட வக்கீலுக்குத் தெரியாத சாவு

கேஸ் காகிதங்களைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு பதினோரு வருடம் தூங்கிய என் அன்பு அப்பாவுக்கு,

இந்த நாட்டின் நீதித்துறை வரலாற்றில் இடம்பெறத்தக்க முடிவு ஒன்று சென்ற புதன்கிழமை பிற்பகல் நம் தாலுகா கோர்ட்டு வளாகத்தில் எடுக்கப்பட்டது என்பதை முதலில் உங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். வழக்கறிஞர்கள் அறையில் ஜன்னலோரம் ஒயர் பின்னிய நாற்காலி ஒன்று கிடக்குமே, அதில் இனி யாரும் உட்காரக் கூடாது. நம் வக்கீல் கதிர்வேலன் எம்.பி. ஆகிவிட்டதால், அவர் எப்போதாவது வந்தால் உட்காருவதற்காக அதைக் காலியாகவே வைத்திருப்பது என்று சங்கத்தார் கூடி ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறார்கள்.

நாற்காலியின் மேல் போடுகிற துண்டில்தான் சிக்கல் வந்தது. கட்சிக் கரை போட்ட துண்டா, வெறும் வெள்ளைத் துண்டா? இரு தரப்பும் முக்கால் மணி நேரம் வாதாடின. பக்கத்துத் தாலுகாவில் என்ன துண்டு போடுகிறார்கள் என்பது முன்னுதாரணமாக எடுத்துக்காட்டப்பட்டது. கடைசியில் வெள்ளை வென்றது. யாரும் வாய்தா கேட்கவில்லை. அந்த வளாகத்தில் ஒரு விவகாரம் எழுந்த அன்றே விசாரித்து அன்றே முடிந்ததாக நான் இதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

நான் அன்று அங்கே போனது துண்டுக்காக அல்ல. உங்கள் வழக்கு முடிந்துபோன உத்தரவுக்கு நகல் கேட்டு மனுக் கொடுக்கப் போயிருந்தேன். ஆமாம் அப்பா, முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது என்று உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நாலு பேர் படிக்கட்டும் என்று இதைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். நீங்கள் தப்பாக நினைக்க மாட்டீர்கள். உங்கள் வழக்கைப் பற்றிப் பேச யார் கிடைத்தாலும் விடாதவர்தானே நீங்கள்?

மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாப்பாரப்பட்டிக்கு மேற்கே, தார் ரோட்டிலிருந்து இறங்கி நம் நிலத்துக்குப் போகிற வண்டிப்பாதை ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் எருவண்டி போனதும் அதில்தான், இப்போது தக்காளி ஏற்ற டெம்போ வருவதும் அதில்தான். வேறு வழி கிடையாது. அந்தப் பாதையின் இரண்டு பக்கத்து நிலத்தையும் மாங்கூழ் ஆலைக்காரர் ஒருவர் வாங்கினார். இரண்டு பக்கமும் தன்னுடையதானால் நடுவில் கிடப்பதும் தன்னுடையதுதான் என்றார். இந்த நியாயப்படி இரண்டு கரையிலும் நிலம் வைத்திருப்பவனுக்குக் காவிரியும் பட்டா ஆக வேண்டும்.

நமக்கு அப்பால் இன்னும் ஐந்து குடும்பத்துக்கு அந்தப் பாதைதான். எல்லோரும் சேர்ந்து வழக்குப் போடலாம் என்று கேட்டீர்கள். "நீ முன்னால போண்ணா, நாங்க பின்னால நிக்கறோம்" என்றார்கள். சொன்ன சொல் தவறவில்லை. கடைசிவரை பின்னால்தான் நின்றார்கள். நீங்கள் ஒருவராகவே வாதி ஆனீர்கள்.

ஆலைக்காரர் பெயரை நீங்கள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. வழக்குத் தாளில் இருந்தபடி 'எதிர்வாதி' என்றே சொல்வீர்கள். சந்தையில் பார்த்துவிட்டு வந்தால்கூட, "எதிர்வாதி இளைச்சுப் போயிட்டாரு பாப்பா, சக்கரை இருக்குதோ என்னமோ" என்பீர்கள். நானும் அவரை அப்படியே குறிப்பிடுகிறேன்.

கதிர்வேலனைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். ஆரம்பத்தில் அவர் நல்ல வக்கீல். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம். கெட்ட வக்கீலிடம் யார் எதை எதிர்பார்த்து ஏமாந்தார்கள்? பழைய மொபெட்டில், உச்சி வெயிலில் நம் பாதையைப் பார்க்க வந்தாரே, நினைவிருக்கிறதா? செருப்பைக் கழற்றிவிட்டு இந்த முனைக்கும் அந்த முனைக்கும் தப்படி போட்டு அளந்தார். நம் வீட்டில் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டார். "இன்னொரு உருண்டைங்க ஆத்தா" என்று அம்மாவிடம் கேட்டு வாங்கினார். பழைய நில அளவைப் புலப்படத்தில் நம் பாதை புள்ளிக்கோடாக ஓடுவதைத் தூசு தட்டிக் கண்டுபிடித்தவரும் அவர்தான். இரண்டு மணி நேரம் நின்று வாதாடி, வழக்கு முடியும்வரை பாதையை யாரும் அடைக்கக் கூடாது என்று இடைக்காலத் தடை வாங்கினார். அன்று நீங்கள் வழியில் இருந்த எல்லா டீக்கடையிலும் இறங்கி இறங்கிச் சொல்லிவிட்டு வீடு வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது.

அந்தத் தடையாணை நமக்குப் பாதையைத் திறந்து வைத்தது, அவருக்கும் ஒன்றைத் திறந்துவிட்டது. 'ஏழை விவசாயியின் பாதை காத்த வக்கீல்' என்று பத்திரிகையில் படத்தோடு வந்தது. அதைக் கட்சிக்காரர்கள் பார்த்தார்கள். மறியல் செய்து மாட்டிக்கொண்டவர்களுக்கு ஜாமீன் எடுக்கக் கூப்பிட்டார்கள். எடுத்தார். வழக்கறிஞர் அணியில் பொறுப்புக் கொடுத்தார்கள். பிறகு சாயங்காலம் ஆனால் டிவியில் உட்கார்ந்து, சத்தியப் பிரமாணம் எடுக்காத நாலு பேரைக் குறுக்கு விசாரணை செய்தார். அங்கே அவர் ஒருநாள்கூட வாய்தா கேட்டு நான் பார்க்கவில்லை.

ஒரு வக்கீல் எப்படி எம்.பி. ஆகிறார் என்று அறிய விரும்புகிறவர்கள் அவருடைய வாழ்க்கைக் குறிப்பைப் படிக்க வேண்டியதில்லை. நீங்கள் நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிற வாய்தாக் காரணங்களை வரிசையாகப் படித்தால் போதும். 'வக்கீல் பக்கத்துக் கோர்ட்டில்.' 'வக்கீலுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது.' அன்று மாலையே பொதுக்கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினார் என்று பக்கத்தில் குறித்திருக்கிறீர்கள். 'வக்கீலுக்குத் தவிர்க்க முடியாத சொந்த அலுவல்.' அது கட்சி மாநாட்டுப் பந்தல். 'வக்கீல் சென்னையில்.' 'வக்கீல் சென்னையில்.' 'வக்கீல் வேட்புமனு தாக்கல்.' 'வக்கீல் டெல்லியில்.' அவர் போய்க்கொண்டே இருந்திருக்கிறார். நம் பாதை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது.

அவர் போனது மாநிலங்களவைக்கு. வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கிற சிரமம் இல்லாத சபை அது. எம்.எல்.ஏ.க்கள்தான் ஓட்டுப் போட வேண்டும். போட்டியே இல்லாமல் போனதால் அவர்களும் போடவில்லை. இப்படி ஒருவர்கூட ஓட்டுப் போடாமல் ஆறு வருடத்துக்கு அவர் நம் பிரதிநிதியானார். எல்லாம் சட்டப்படிதான். எம்.பி. ஆனவர் வக்கீல் தொழிலைத் தொடர்வதற்கும் சட்டத்தில் தடை இல்லை. தொடரவில்லை என்றால் கேஸ்கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நம் வக்கீல் தொடரவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

தருமபுரி பஸ் நிலையத்துக்கு எதிரில் பாராட்டு விழாவுக்கு வைத்த பேனரை நாம் இருவரும் நின்று பார்த்தோமே, அதை எப்படி மறப்பேன்? 'பாதை காத்த பண்பாளரே வருக!' கீழே கைகூப்பிய படம், எதிர்வாதியுடையது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அவருக்கு அதே கட்சியில் மாவட்டப் பொறுப்புக் கொடுத்திருந்தார்கள். பாதையை அடைக்கப் போனவரே பாதை காத்தவரை வரவேற்றார். நீங்கள் இரண்டு தடவை படித்துவிட்டு, "பிரிண்டு நல்லா வந்திருக்குது பாப்பா" என்றீர்கள். மறுவாரம் தனியாகக் கிளம்பிக் கதிர்வேலன் வீட்டுக்குப் போனீர்கள்.

அங்கே நடந்ததை நீங்கள் எனக்கு நடித்தே காட்டினீர்கள்.

"வாங்கண்ணே, வாங்க. நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. கட்சி வேற, கேஸு வேற."

"அதேதானுங்க நானும் சொல்றது. கேஸுக்கு வாங்க."

"வராம எங்கண்ணே போறன்? உங்க கேஸு என் கேஸு."

"உங்களுக்குத்தான் ஆயிரம் சோலி. கட்டக் குடுத்துடுங்க. ஆட்சேபணை இல்லன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா வேற யாராச்சும் பாத்துக்கறாங்க. உங்களுக்கும் தொந்தரவு வாணாம்."

"என்னண்ணே, என்ன வுட்டுட்டுப் போறீங்களா? நான் என்ன பாவம் பண்ணன்?"

அவர் கண் கலங்கிவிட்டது என்றீர்கள். வக்கீல் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முதல் வக்கீல் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போடாமல் இன்னொரு வக்கீல் அந்தக் கட்டைத் தொட மாட்டார். அந்த ஒரு கையெழுத்துக்காக இரண்டு பஸ் மாறிப் போன நீங்கள், வெறுங்கையோடு வந்தீர்கள். ஏன் என்று கேட்டேன்.

"கேக்க முடியல பாப்பா. அவரே டீ ஆத்திக் குடுத்துட்டாரு. டீயக் குடிச்சுப்புட்டு கையெழுத்துப் போடுன்னு எப்படிக் கேக்கறது?"

"அப்ப டீயக் குடிச்சிருக்கக் கூடாது."

"சூடா இருந்துச்சு" என்றீர்கள்.

அன்று உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் டீக்குக் காட்டிய மரியாதையைவிடப் பெரிய மரியாதையை நான் பிறகு அவருக்குக் காட்டிவிட்டேன்.

வைகாசி கடைசியில் நீங்கள் போனீர்கள். தக்காளிக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நம் பாதை வழியாகவே உங்களை எடுத்துப் போய் நம் நிலத்தின் கிழக்கு ஓரத்தில், பிறகு அம்மா வெள்ளிக்கிழமைதோறும் விளக்கு வைத்துவந்த இடத்தில், அடக்கம் செய்தோம். தடையாணை இருந்ததால் யாரும் மறிக்கவில்லை.

கதிர்வேலன் வந்திருந்தார். மூன்று கார், ஆளுயர மாலை. உங்கள் பாடையை ஒரு பக்கம் தோளில் தாங்கினார். படம் எடுக்கிறவர்கள் முன்னால் ஓடிப் பின்னோக்கி நடந்தபடி எடுத்தார்கள். அவர்கள் போதும் என்று கையசைத்ததும் சித்தப்பா தோள் மாற்றிக்கொண்டார். "இவரு என் கேஸுக்காரரு இல்லீங்க, என்னப் பெத்த தகப்பன் மாதிரி" என்று கதிர்வேலன் மைக்கில் சொன்னார். மறுநாள் மூன்று நாளிதழ்களில் படம் வந்தது. நான் வேலை பார்க்கிற கிளை நூலகத்துக்கு வருவதே மூன்றுதான். வாசகர்கள் என்னைப் பார்த்து, "உங்கப்பா குடுத்து வெச்சவருங்க" என்றார்கள்.

இங்கேதான் நாங்கள் தவறு செய்தோம், அப்பா.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாவற்றுக்கும் அலைந்து வாங்கினேன். 'என் தந்தை மாதையன் இன்ன தேதியில் இறந்துவிட்டார். வழக்கில் எங்களை வாரிசாகச் சேர்க்க வேண்டுகிறேன்' என்று வக்கீலுக்கு ஒரு கடிதம் எழுதி, சான்றுகளை இணைத்து, உறையில் போட்டேன். சித்தப்பா எட்டிப் பார்த்தார்.

"யாருக்கு எழுதற?"

"வக்கீலுக்கு, சித்தப்பா."

"என்னன்னு?"

"அப்பா இறந்துட்டாருன்னு."

"ஏம்மா, உனக்குப் படிச்சுப் படிச்சு மண்டையில எதுனா ஆயிடுச்சா? மாலை போட்டுத் தோள் குடுத்துட்டுப் போனவருகிட்டயே சாவு சொல்லுவியா? நீ எங்கூட்டுச் சாவுக்கே வரலன்னு மூஞ்சியில அடிச்சாப்பல ஆவாதா?"

அம்மாவும் சேர்ந்துகொண்டாள். "சாவு சொல்றது ஒருக்காதான் கண்ணு. வந்தவங்களுக்கு மறுக்கா சொன்னா இன்னொரு சாவு வுழும். வாணாம், வுட்டுடு."

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? சாவு விழுந்தால் ஆள் அனுப்பிச் சொல்கிறோம். சொல்லாமல் விட்டால் காலத்துக்கும் பகை. ஆனால் வந்து தலைமாட்டில் நின்றுவிட்டவருக்கு அதை மறுபடி சொல்வது, அவர் வரவை இல்லையென்று ஆக்குகிற அவமரியாதை. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. நூலகத்தில் இருக்கிற சட்டப் புத்தகங்களுக்குத் தூசு தட்டுகிறவள் நான். ஒன்றையாவது பிரித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. உறையைப் பீரோவில் வைத்துவிட்டேன்.

அடுத்த வாய்தாவுக்கு நான் போனேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். மாதையன், மாதையன், மாதையன் என்று மூன்று தடவை. பக்கத்தில் இருந்த பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"யாருங்க அது மாதையன்? வரலியா?"

"எங்கப்பாதானுங்க. வரலீங்க."

"எங்க போயிட்டாரு?"

"எங்கயும் போவலீங்க. எங்க வயக்காட்டுலதான் இருக்கறாரு."

"வேல முக்கியமுங்க. கோர்ட்டு எங்க போவப் போவுது" என்று என்னைத் தேற்றினார்.

உள்ளே நம் வக்கீலின் ஜூனியர் சண்முகம் எழுந்தார். சண்முகத்துக்கு எம்.பி.யை விட இரண்டு வயது அதிகம். இருந்தாலும் ஜூனியர்தான். 'சீனியர் பாராளுமன்றக் கூட்டத் தொடரில் இருக்கிறார். வாதியிடம் அறிவுரை பெற அவகாசம் வேண்டும்' என்றார். நீதிபதி அவகாசம் கொடுத்தார். உங்களிடம் அறிவுரை பெற எத்தனை நாள் வேண்டியிருக்கும் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்தவரை நீங்கள் உயிரோடு இருந்தீர்கள்.

வெளியே வந்த சண்முகத்தைப் பிடித்தேன்.

"என்னங்க, அப்பா போயிட்டாருன்னு சொல்லலியா?"

"சொல்லுவம்மா. சீனியர் வந்து மெமோ போடணும். நீங்க பாட்டுக்கு எந்திரிச்சு ஒண்ணும் பேசிடாதீங்க. வக்கீல் வெச்சிருக்கறவங்க நேரா பேசுனா ஜட்ஜு கோவிச்சுக்குவாங்க."

"எப்ப போடுவாரு?"

"அவருக்குத் தெரியாததாம்மா? தோள் குடுத்தவரு."

மறுபடியும் அந்தத் தோள். நான் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன். அன்று நான் பத்தடி நடந்து உள்ளே போய், 'ஐயா, என் அப்பா இறந்துவிட்டார்' என்று நாலு சொல் சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. இதில் என் பங்கு இவ்வளவு. இதை யார் மேலும் நான் ஏற்றவில்லை.

ஆடி கடைசியில் கதிர்வேலன் சபையில் முதன்முறையாக நீண்ட நேரம் பேசினார். பொருள், நீதி தாமதம். நூலகத்துக் கம்ப்யூட்டரில் வாசகர்கள் சுற்றி நிற்கப் பார்த்தோம். 'என் மாவட்டத்தில் மாதையன் என்று ஒரு விவசாயி. நிலத்துக்குப் போகிற ஒரு பாதைக்காகப் பதினோரு ஆண்டு நீதிமன்றப் படி ஏறினார். நீதி வருவதற்குள் மரணம் வந்துவிட்டது. அந்த ஏழையின் உடலை நான் இந்தத் தோளில் சுமந்தேன்' என்றார். குரல் உடைந்தது. மேஜைகளைத் தட்டினார்கள். வழக்கு நிலுவையில் இருப்பதால் விவரத்துக்குள் போக விரும்பவில்லை என்றும் சொன்னார். விவரம் எல்லாவற்றையும் சொன்ன பிறகுதான் அதைச் சொன்னார். தாமதத்துக்குக் காரணம் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. தன்னடக்கம்.

இப்படியாக உங்கள் மரணம் டெல்லியில் கூடியிருந்த உறுப்பினர்கள் அனைவருக்கும், மொழிபெயர்ப்பாளர்கள் வழியாக வடக்கே இருக்கிறவர்களுக்கும் முறைப்படி அறிவிக்கப்பட்டது. பாப்பாரப்பட்டியிலிருந்து பஸ்ஸில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு நீதிபதிக்கு மட்டும் அறிவிக்கப்படவில்லை. உங்களுக்குக் கோபம் வருகிறதா, அப்பா? இல்லை, "நல்லா பேசறாரு பாப்பா" என்றுதான் சொல்லியிருப்பீர்களா?

வாதி இறந்தால் தொண்ணூறு நாளுக்குள் வாரிசுகள் கோர்ட்டில் மனுப் போட்டுச் சேர்ந்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் வழக்கு தானாகவே அற்றுப்போகும். இதை நான் தெரிந்துகொண்டது தொண்ணூற்று நான்காம் நாள். தெரிவித்தவர் எதிர்வாதியின் வக்கீல்.

அன்று உங்கள் பெயரை மூன்றாவது தடவை கூப்பிட்டு முடிப்பதற்குள் அவர் எழுந்து ஒரு மெமோவை நீட்டினார். 'வாதி இறந்து தொண்ணூறு நாள் கடந்துவிட்டது. வாரிசுகள் சேரவில்லை. வழக்கு அற்றுப்போனதாகப் பதிவு செய்ய வேண்டும்.' இறந்ததற்கு என்ன ஆதாரம் என்று நீதிபதி கேட்டார். அதற்கும் தயாராகவே வந்திருந்தார்கள். ஆதாரம் ஒன்று, நாளிதழில் தேதியோடு வந்த படம்: மாலையும் கையுமாக நம் வக்கீல், பக்கத்தில் நீங்கள். ஆதாரம் இரண்டு, சபையில் நம் வக்கீல் பேசிய பேச்சின் அச்சு நகல். உங்கள் தரப்பில் பதினோரு வருடத்தில் அவர் தாக்கல் செய்த எந்த ஆவணமும் இவ்வளவு வேகமாக ஏற்கப்பட்டதில்லை.

நீதிபதி சண்முகத்தைப் பார்த்தார். "உங்க சீனியரே தூக்கியிருக்காரு. உங்களுக்குத் தெரியாதா?"

"தகவல் இல்லீங்கய்யா" என்றார் சண்முகம்.

நான் எழுந்தேன். "ஐயா, நான் அவரு பொண்ணுங்க" என்றேன். நீதிபதி கனிவாகவே பேசினார். மனுவாக வந்தால் பார்க்கலாம், வாய்மொழியாக ஒன்றும் செய்ய முடியாதம்மா என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு முன்னால் இருந்தது ஒரு மாலையும் ஒரு தேதியும்தான். உத்தரவு நாலு வரி. வழக்கு அற்றுப்போனது, அதோடு இடைக்காலத் தடையும் போனது.

அன்று சாயங்காலம் கதிர்வேலனுக்குப் போன் செய்தேன். நாலாவது தடவை அவரே எடுத்தார்.

"சொல்லும்மா. நம்ம அப்பா பத்திப் பேசுனனே, பாத்தியா?"

"பார்த்தங்க. கேஸு போயிடுச்சுங்க."

"அடடா" என்றார். அந்த 'அடடா'வில் வருத்தம் இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகுதான் இதைச் சொன்னார்:

"நீ ஒரு வார்த்த எழுத்துமூலமா சொல்லியிருக்கணும்மா. அப்பா இறந்துட்டாருன்னு எனக்கு யாருமே சொல்லலியே."

"நீங்கதான் வந்திருந்தீங்களே."

"அது பர்சனலா வந்ததும்மா. இது ப்ரொஃபஷனல். ரெண்டையும் கொழப்பிக்கக் கூடாது."

எழுத்துமூலமாகச் சொல்லாததற்குக் காரணம், அவரை நாங்கள் மனிதர் என்று நினைத்ததுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டார்.

மறுநாள் அந்தச் சட்டப் புத்தகத்தைப் பிரித்தேன். வாதியின் மரணம் தன் அறிவுக்கு வந்தால் வக்கீல் அதைக் கோர்ட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அறிவுக்கு வந்தால் என்றுதான் இருக்கிறது. எழுத்துமூலமாக என்று இல்லை. சட்டத்தை எழுதியவர்கள், மாலையைத் தூக்கிக்கொண்டு வந்தவருக்கு அறிவுக்கு வராமல் போகும் என்று எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. இவர்தான் இப்போது டெல்லியில் நமக்காகச் சட்டம் எழுதுகிறவர்.

அதே புத்தகத்தில் இன்னொன்றும் இருக்கிறது, அப்பா. அற்றுப்போன வழக்கை மீட்டுத் தரச் சொல்லி அறுபது நாளுக்குள் மனுப் போடலாம். இரண்டு வக்கீல்களிடம் போனேன். ஒருவர் ஊரில் இல்லை என்று அவரே சொன்னார். இன்னொருவர் உண்மையைச் சொன்னார்: "நீங்க வாரிசு, புதுசா என்ன வக்கீலாப் போட்டுக்கலாம். அதுக்குச் சட்டம் எடம் குடுக்குதும்மா. ஆனா எம்.பி. கட்டத் தொட்டன்னா நாளைக்கு இந்த ரூமுக்குள்ள நான் தல காட்ட முடியாது." அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் உள்ளே துண்டு விவாதம் நடந்துகொண்டிருந்தது. அவரும் ஓட்டுப் போட எழுந்து போய்விட்டார்.

ஆகவே நானே போடுகிறேன். மனுவை எழுதிவிட்டேன். பீரோவில் இருந்த உறையைப் பிரித்துச் சான்றுகளை எடுத்துவிட்டேன். சித்தப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மட்டும், "அங்க போயி மறுக்கா சொல்லத்தான் வேணுமா?" என்றாள். மறுக்கா அல்ல அம்மா, சொல்ல வேண்டிய இடத்தில் இப்போதுதான் முதல் தடவை சொல்லப் போகிறேன் என்றேன்.

உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன், அப்பா. உங்கள் பெயரைக் கூப்பிட்டால் இனி நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்க மாட்டேன். என் பெயரைக் கூப்பிடுகிற வரைக்கும் அந்தப் படியை விடமாட்டேன். கூப்பிட்டதும் உள்ளே போய், இவர் இறந்துவிட்டார், நான் இவருடைய மகள், பாதை எங்களுடையது என்று சத்தமாகச் சொல்வேன். யார் டீ ஆற்றிக் கொடுத்தாலும் குடிக்க மாட்டேன்.

வியாழக்கிழமை காலை எதிர்வாதியின் ஆட்கள் வந்து தார் ரோட்டு முனையில் இரும்புக் கேட் நட்டுப் பூட்டினார்கள். வெள்ளிக்கிழமை அம்மா உங்களுக்கு விளக்கு வைக்கப் போகவில்லை.

இப்படிக்கு,
வாதி மாதையனின் மூத்த மகளும் வாரிசுமான,
உங்கள் பாப்பா
பூங்கொடி